ஓலை வாசிக்கும் முன் என் பல்லைப் பற்றி

என் மக்களே, என் ஒரே மகனே,

கொட்டாரம் கடைத்தெருவில் மிக்சி, கிரைண்டர், மேசை விசிறி என்னும் மூன்று ராஜ்யங்களையும் ஒரே ஸ்க்ரூ டிரைவரால் கட்டியாளும் உன் அப்பன் எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் என் குரலைக் கேட்டால் எனக்கே ஒரு மயக்கம் வந்துவிடும். ஒரு தேங்காய் விழுந்ததைச் சொல்ல ஆரம்பித்து, முடிக்கும்போது தென்னந்தோப்பே கடலுக்குள் போயிருக்கும். சுசீந்திரத்துத் தேர் ஒரு மழையில் மிதந்து கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேசியது நான்தான். பேனா பிடித்தால் கை கொஞ்சம் பயப்படுகிறது, அதனால் எழுதுகிறேன். கடை இன்னும் திறக்கவில்லை. வெளியே சாரல். மருந்துவாழ்மலை தலையை மேகத்துக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறது. வயல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட காலையில் உண்மைக்கும் கனவுக்கும் ஒரே நிறம். நீ கவனமாகப் படி. எது நான் கட்டிய கதை, எது நடந்தது என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வருகிற ஞாயிறு நம் சபையில் உனக்கு முதல் கல்யாண ஓலை. குழித்துறையில் ஷீபாவின் சபையிலும் அன்றைக்குத்தான். உங்கள் இரண்டு பேருடைய பெயரையும் ஆராதனையில் மூன்று வாரம் வாசிப்பார்கள். இவர்கள் கல்யாணம் செய்வதற்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பார். அந்த ஒரு மூச்சுக்குக் கோயிலே இருமாமல் உட்கார்ந்திருக்கும். இத்தனை வருஷத்தில் ஒருவரும் எழுந்து ஒன்றும் சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு வாரமாக ஒரே கனவு. போதகர் கேட்கிறார், நான் எழுந்து வாயைத் திறக்கிறேன், என் பல் செட்டு கழன்று தரையில் விழுகிறது. விழுந்தது சும்மா கிடக்காமல் பெஞ்சுகளுக்கு நடுவே டக் டக்கென்று நடந்து போய், பீடத்தில் ஏறி, சபையாரே என்று தொடங்கிச் சாட்சி சொல்கிறது. சிரிக்காதே. என்னைவிடத் திருத்தமாகப் பேசியது.

அந்தக் கனவுக்குக் காரணம் போன வாரம் நீ போனில் சொன்ன ஒரு விஷயம். உன் பல் முழுக்க ஏன் மூடி போல கேப் போட்டிருக்கிறது என்று ஷீபா கேட்டாளாம். நீ வயிற்றில் இருக்கும்போது அம்மை ஏதோ காய்ச்சல் மாத்திரை தின்றாள், அதில் வந்தது என்று சொல்லிவிட்டாயாம். மத்தியானம் என்ன குழம்பு என்று சொல்வது போலச் சொன்னாய். உன்மேல் தப்பில்லை, நீ கேட்டு வளர்ந்தது அதுதான். நானும் “கொள்ளாம், நல்லது” என்று சொல்லிப் போனை வைத்தேன். மக்களே, அது மாத்திரையில் வந்ததல்ல. என்னிடமிருந்து உனக்கு வந்தது. எனக்கு என் அப்பாவிடமிருந்து வந்தது. நீ பிறக்கும் முன்பே எனக்கு அது தெரியும்.

என் பிறவிப் பல்லை நீ பார்த்ததில்லை. கருப்பட்டிப் பாகை விரலால் தொட்டு வெயிலில் பிடித்தால் ஒரு நிறம் தெரியுமே, அந்த நிறம். ஓரத்தில் மட்டும் மழை மேகம் போல ஒரு நீலச் சாம்பல். வெளிச்சத்துக்கு நேரே நின்று வாயைத் திறந்தால் வெளிச்சம் பல்லுக்குள் புகுந்து கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போகும். பார்க்க அழகுதான், கடிக்கத்தான் ஆகாது. பள்ளிக்கூடத்தில் பல் தேய்க்காதவன் என்று பெயர் வாங்கினேன். உமிக்கரி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, இருந்ததையும் சீக்கிரமாகத் தீர்த்தேன். என் அப்பாவுக்கும் அதே நிறம்தான். அவர் விடிந்தது முதல் வெற்றிலை போடுகிறவர். அதனால் ஊர் அதை வெற்றிலைக் கறை என்றது, வீடும் அப்படித்தான் நம்பியது. கடைசியில் அவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் வெற்றிலை இல்லாமல் கிடந்தார். நான்தான் அவருக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுப்பேன். மிச்சமிருந்த குச்சிப் பற்களில் நிறம் கொஞ்சமும் மாறவில்லை. என் வாயைக் கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

பிறகு நான் மஸ்கட்டுக்கு ஏசி மெக்கானிக்காகப் போனேன். அதற்குள் என் பல் ஈறு மட்டத்துக்கு வந்திருந்தது. அங்கே ஒரு பல் டாக்டர் மிச்சத்தைப் பிடுங்கிவிட்டு முழு செட்டு கட்டிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து வருகிறவன் டேப் ரெக்கார்டர் கொண்டு வருவான், சென்ட் பாட்டில் கொண்டு வருவான். நான் வாய் நிறையப் பல் கொண்டு வந்தேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நான் சிரித்தபோது, மின்னல் வெட்டியது என்று நினைத்து காய்கறிக்காரர்கள் சாக்கை இழுத்துக் கத்தரிக்காயை மூடினார்கள் என்பது கட்டிய கதை. கடைத்தெருவில் இரண்டு பேர் என்னைத் தனியே கூப்பிட்டு, அங்கே பல் என்ன விலை என்று விசாரித்தது நடந்தது. பழைய பல் எங்கே என்றவர்களுக்கு ஒரு கதை தயாராக வைத்திருந்தேன். பதினான்காவது மாடி சாரத்திலிருந்து விழுந்தேன். விழும் வழியில் மாடிக்கு இரண்டு பல் வீதம் விட்டுவிட்டு வந்தேன். கீழே ஒரு ஒட்டகம் படுத்திருந்ததால் உயிர் தப்பியது. ஒட்டகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அதற்கு என்னைவிட நல்ல ஆஸ்பத்திரி கிடைத்தது என்பேன். சிரிக்கிற ஊர் வாய்க்குள் எட்டிப் பார்க்காது. என் அப்பா வெற்றிலைக்குப் பின்னால் ஒளிந்தார், நான் ஒட்டகத்துக்குப் பின்னால் ஒளிந்தேன்.

உன் அம்மை என்னைக் கட்டியதும் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான். கல்யாணமாகி மூன்றாம் நாள், தம்ளர் தண்ணீரில் செட்டு கிடப்பதைக் கண்டாள். நான் சாரத்தையும் ஒட்டகத்தையும் அவிழ்த்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. எவ்வளவு வலித்திருக்கும் என்று என் கன்னத்தைத் தொட்டு அழுதாள். நான் விழாத ஒரு சாரத்துக்காக ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய அழுகையைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உனக்கு எட்டு மாதம் ஆனபோது ஒரு சாயங்காலம், அம்மை உன்னைக் குளிப்பாட்டி ஜன்னல் பக்கம் வைத்துத் துவட்டிக்கொண்டிருந்தாள். நீ பெரிய கொட்டாவி விட்டாய். சாய்ந்த வெயில் அப்படியே உன் வாய்க்குள் போயிற்று. கீழ் ஈறில் ஒரு அரிசி முனை. வெயில் அதன் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. “இஞ்ச பாருங்க, பிள்ளைக்க பல்லு தேன் மாதிரி இருக்கு” என்றாள், அவ்வளவு சந்தோஷம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டது, அத்தனை காற்றாலையும் இறக்கையைத் தூக்கியபடி நின்றது, கடல் ஒரு அலையைப் பாதியில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. இது கட்டிய கதைதான், ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது. என் அப்பாவும் நானும் நீயும் ஒரே ஜன்னல் முன்னால் வாயைத் திறந்து நிற்கிறோம். ஒரே வெயில் மூன்று பேருக்குள்ளும் புகுந்து போய்க்கொண்டே இருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. தேன் நிறம் ராசி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

மறுநாளே உன்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போனால், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மூன்று வருஷம் கடத்தினேன். போர்வெல் தண்ணீர் சரியில்லை என்றேன். பாலில் சீனி போடாதே என்றேன். பால் பல்தானே, விழுந்து இரண்டாம் பல் ஜோராக வரும் என்றேன். உன் பல்லின் மேல் பூச்சு துண்டு துண்டாகப் பெயர்ந்தது. நாலு வயதில் கடைவாய்ப் பல் ஈறோடு ஈறாகிவிட்டது. மற்றப் பிள்ளைகள் முறுக்குத் தின்னும்போது நீ கஞ்சியை வைத்துக்கொண்டு அவர்கள் வாயைப் பார்ப்பாய், கடிக்கிற சத்தத்தைக் கேட்டுச் சிரிப்பாய். ஒருநாள் கன்னம் வீங்கி, சீழ் கட்டி, அனலாகக் கிடந்தாய். உன்னைப் பார்க்க வந்த உன் அத்தை, என் அக்காள், அம்மையிடம் சொன்னாள்: “ஏட்டி, பிள்ளைய வயத்துல வச்சுக்கிட்டு மாத்திரையா தின்னுத் தள்ளினியே. இப்பம் பாத்தியா?”

ஐந்தாம் மாதத்தில் அம்மைக்குக் காய்ச்சல் வந்தது உண்மை, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தின்றதும் உண்மை. அக்காள் வேண்டுமென்று சொன்னவள் இல்லை. சின்ன வயதில் என் பல்லைப் பார்த்தவள்தான். ஆனால் அது நான் பல் தேய்க்காத சோம்பலில் வந்தது என்று எங்கள் வீட்டில் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். அறிந்தவன் நான் ஒருவன். அம்மை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேலே விசிறியைப் பார்த்தேன். விசிறியில் ஒரு கோளாறும் இல்லை.

அந்த வாரமே வடசேரியிலிருந்து பஸ் ஏறி உன்னைத் திருவனந்தபுரம் கொண்டு போனோம். குழந்தைகளின் பல்லை மட்டும் பார்க்கிற டாக்டரம்மா. நீ அழுதாய் என்று அம்மை உன்னை வராந்தாவில் தூக்கிக்கொண்டு நடந்தாள், அதனால் டாக்டரின் முன்னால் நான் மட்டும் இருந்தேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பல்லின் வெளியே இருக்கிற எனாமலில் குறையில்லை, அதற்குள்ளே இருக்கிற டென்டின்தான் உருவாகும்போதே சரியாக உருவாகவில்லை என்றார். வேகாத செங்கலில் கட்டிய சுவருக்கு நல்ல பூச்சு பூசினால் எப்படி இருக்கும், அப்படி என்று நான் புரிந்துகொண்டேன். பூச்சு பிடித்து நிற்காது. பூச்சு போனால் செங்கல் கரையும். அபூர்வமான கோளாறு, இரத்த வழியில் வருவது என்றார். மாத்திரையால் வரும் கறை வேறு, அது பல்லை இப்படிக் கரைக்காது என்றும் சொன்னார். சில பிள்ளைகளுக்கு இதோடு எலும்பும் எளிதில் முறியும் என்று உன் கண்ணின் வெள்ளையை விரித்துப் பார்த்தார், கை கால் முறிந்ததுண்டா என்று கேட்டார். அது உனக்கு இல்லை. கடைசியில், குடும்பத்தில் வேறு யாருக்கு என்று கேட்டார்.

யாருக்கும் இல்லை என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். நான் பதினான்காவது மாடியில் ஏறி அவர் முன்னால் விழுந்து காட்டினேன். டாக்டரம்மா சிரித்தே விட்டார். குடும்பத்தில் இல்லாமல் புதிதாகவும் சில நேரம் வரும் என்று எழுதிக்கொண்டார். வராந்தாவுக்குப் போய் அம்மையிடம், மாத்திரை இல்லையாம் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியவன் நான். சொன்னால் பின்னே எது என்று கேட்பாள். கேப் போட்டால் சரியாகிவிடுமாம் என்று மட்டும் சொன்னேன். இரண்டு வயதுக்குள் கொண்டுவந்திருந்தால் அந்தப் பால் பற்களைத் தேயாமல் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதையும் விழுங்கிவிட்டேன். அந்த மூன்று வருஷம் உனக்கு நான் செய்தது. அதற்கு வேறு பெயர் என்னிடம் இல்லை.

சீழ் வைத்ததைப் பிடுங்கினார்கள். மிஞ்சியவற்றின் தலையில் ஸ்டீல் கேப், முன்பல்லுக்குப் பல் நிறத்தில் பூச்சு. பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று நீ அழுதபோது நான் உனக்கு வம்சாவளி எழுதினேன். ஏழு மலைக்கு அப்பால் ஒரு ராஜா இருந்தான், அவன் செத்தபோது தன் வெள்ளிப் பல்லை யாருக்குக் கொடுப்பது என்று உலகம் முழுக்கத் தேடி, கடைசியில் கொட்டாரத்தில் உன்னைக் கண்டுபிடித்தார்கள். நீ அதை நம்பி, ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை வாங்கிக்கொண்டு வாயைத் திறந்து காட்டினாய். டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது உன் நிக்கர் பை இரண்டும் புளியங்கொட்டையால் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கதைக்காக நான் வருத்தப்படவில்லை. அது உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தது. ஒட்டகக் கதை என்னை மட்டும் தூக்கிக்கொண்டு, உன் அம்மையை வெயிலில் நடக்க விட்டது. ஆறு வயதில் இரண்டாம் பல் முளைக்க முளைக்க ஒவ்வொன்றையும் தேயும் முன்னே கேப் போட்டு மூடினார்கள். வளர்ந்த பிறகு இப்போது உன் வாயிலிருக்கும் நல்ல கேப்புகள். இரண்டாம் பல் பிழைத்தது அப்படித்தான்.

அம்மைக்கு நடந்ததை நீ கவனித்திருப்பாய், காரணம் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து அவள் ஒரு மாத்திரை தொட்டதில்லை. மண்டை பிளக்கிற தலைவலிக்கும் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். உனக்கு ஒரு தங்கச்சி வேண்டும் என்று நான் ஆசையாகச் சொன்னபோது, “வேண்டாம், நான் அதையும் கெடுத்துருவேன்” என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிற குரல். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாண வீடுகளில் நூறு பேரைச் சிரிக்க வைக்கிற வாய்.

போன வியாழக்கிழமை, ஓலைக்கு எழுதிக் கொடுக்கிற தாளைப் போதகர் வீட்டில் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மை நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நீ ஷீபாவிடம் சொன்னதைச் சொன்னேன். “சரியாத்தானே சொல்லியிருக்கான்” என்றாள், மீனிலிருந்து தலையைத் தூக்காமல். அந்த ‘சரியாத்தானே’ என்னை உட்கார வைத்துவிட்டது. சொன்னேன். என் அப்பாவை, என்னை, ஜன்னல் வெயிலை, டாக்டரம்மாவை, எல்லாவற்றையும். அவள் கை நிற்கவில்லை. ஒரு மீன், இன்னொரு மீன். அடுத்த மீனை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்பம் நான் ஒண்ணுமே செய்யல்லியா?”

“இல்ல பிள்ளே.”

மிச்ச மீனையும் ஆய்ந்து முடித்தாள். சட்டியைக் கழுவி, கையைக் கழுவி, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். “செட்டக் கழத்துங்க” என்றாள். கழற்றினேன். “இப்பம் மொதல்லருந்து சொல்லுங்க. ஒட்டகம் இல்லாம.” பல் இல்லாத வாயில் எதையும் பெரிதாகச் சொல்ல முடியாது, மக்களே. வார்த்தைகள் காற்றாய்ப் போகின்றன, பாதி எச்சிலாய் வருகின்றன. அப்படியே முழுவதையும் மறுபடி சொன்னேன். வெளியே மழை வலுத்தது, சமையலறை இருட்டியது, அவள் விளக்கைப் போடவில்லை. அவள் முகம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தெரிந்தது. முடித்ததும் எழுந்து போய்க் குழம்பு வைத்தாள். நன்றாகவே இருந்தது.

ஆகையால் ஷீபாவிடம் இதைச் சொல். உங்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. எந்தத் தண்ணீரும் எந்த மாத்திரையும் யார் கண்ணும் அதைத் தீர்மானிப்பதில்லை. வேண்டுமானால் மரபணு பார்க்கிற டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். பிள்ளைக்கு முதல் பல் முளைத்த உடனே, அது தேன் நிறமோ வெள்ளையோ, குழந்தைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள்; தேன் நிறம் என்றால் கடைவாய்ப் பல் வர வர, தேயும் முன்னே மூடிவிடலாம், பிள்ளை முறுக்குக் கடிக்கும். குடும்பத்தில் யாருக்கு என்று கேட்டால், உடனே என் பெயரைச் சொல். பல்லுக்காக ஒரு பெண் கல்யாணத்தை வேண்டாம் என்பாளா, எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் அவளைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இந்த முறை சின்னதாகச் சொல்வேன்.

இதுவரை எழுதியதை அம்மையிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். கடைசியில், அம்மை என்னை மன்னித்துவிட்டாள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதில் விரலை வைத்து, “இத வெட்டுங்க. நான் இன்னும் யோசிச்சு முடியல்ல” என்றாள். வெட்டிவிட்டேன். பிறகு ஓலைத் தாளை என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள். “ஷீபா என்னைய போன்ல விளிச்சு, எல்லாம் தெரியும் அத்தேண்ணு ஒரு வார்த்த சொல்லட்டும், நானே கொண்டு கொடுக்கேன். தெரியாம வந்தா அவ இன்னொரு நான். இந்த வீட்டுக்கு ஒரு நான் போதும்.”

இன்று செவ்வாய். கடிதத்தை இப்போதே கூரியரில் போடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வரை போதகர் தாள் வாங்குவார். அம்மையின் போன் எப்போதும் சார்ஜ் இல்லாமல் அரிசிப் பானைப் பக்கம் கிடக்கும், உனக்குத்தான் தெரியுமே. இதைப் படித்து முடித்ததிலிருந்து அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உன் அப்பன்